"இவர் யார்?" என்று கேட்காதீர்கள்: மறதிநோயும் பழைய புகைப்படங்களும்

சில மாதங்களுக்கு முன் எங்கள் முதியோர் மருத்துவப் பிரிவுக்கு 74 வயது அம்மையார் ஒருவரை அவருடைய மகனும் மருமகளும் அழைத்து வந்தனர். அவருக்கு மறதிநோய் இருப்பது ஓராண்டுக்கு முன்பே உறுதி செய்யப்பட்டிருந்தது. மகன் தம் கைபேசியிலிருந்து ஒரு படத்தை எடுத்துக் காட்டினார். அவருடைய மகளின் பிறந்தநாளன்று எடுத்த படம் அது. "அம்மா, இது யாருன்னு டாக்டர்கிட்டச் சொல்லுங்க" என்றார். அம்மையார் படத்தைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "போன வாரம் சரியாச் சொன்னீங்களேம்மா" என்று மகன் மீண்டும் தூண்டினார். அம்மையார் சேலைத் தலைப்பை விரலில் சுற்றியபடி தலையைக் குனிந்துகொண்டார். அதன்பின் நாங்கள் கேட்ட எளிய கேள்விகளுக்கும் அவர் வாய் திறக்கவில்லை.

மகன் செய்ததில் அன்பைத் தவிர வேறொன்றும் இல்லை. தாயின் நினைவைப் பிடித்து நிறுத்திவிட வேண்டும் என்ற தவிப்புதான் அவரை அப்படிக் கேட்கச் செய்தது. அடுத்த முறை வரும்போது வீட்டிலுள்ள பழைய படம் ஒன்றைக் கொண்டுவருமாறு அவர்களிடம் கூறினோம். கேள்வி எதுவும் கேட்க வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினோம்.

மருமகள் பரண் மேலிருந்த பெட்டியில் தேடிக் கொண்டுவந்தது ஒரு கறுப்பு வெள்ளைப் படம். பத்து வயதுச் சிறுமி ஒருத்தி பட்டுப்பாவாடையுடன் நிற்கிறாள். பூத்தைத்த சடை படத்தில் தெரிய வேண்டும் என்பதற்காக ஸ்டூடியோக்காரர் அவள் பின்னே ஒரு நிலைக்கண்ணாடியை வைத்திருக்கிறார். அந்நாளில் நம் ஊர்களில் பல வீடுகளில் இத்தகைய படம் ஒன்றேனும் இருந்தது. மருமகள் அதை மாமியாரின் கையில் கொடுத்து, "அத்தை, சின்ன வயசுல பூ வெச்சுத் தைச்சு நீங்க எடுத்துக்கிட்ட போட்டோ. அழகா இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

அம்மையார் கண்ணாடியில் தெரிந்த சடையை விரலால் தடவினார். சற்று நேரம் கழித்து, "தாழம்பூ" என்றார். பிறகு, "முள்ளுக் குத்தும். அன்னிக்கு ராத்திரி நான் சடையை அவிழ்க்க விடல. உக்காந்துகிட்டே தூங்கினேன்" என்றார். மகன் அந்தச் செய்தியை அதுவரை கேட்டதில்லை.

அன்றும் அந்த அம்மையாருக்குப் பேத்தியின் பெயர் நினைவுக்கு வரவில்லை. ஆனால் அவர் பேசினார், சிரித்தார். ஒரே குடும்பம், இரண்டு படங்கள், இரண்டு விதமான விளைவுகள். இந்த வேறுபாடு எதனால் ஏற்படுகிறது, வீட்டில் உள்ள பழைய படங்களை நோயாளியுடன் எவ்வாறு பகிர்ந்துகொள்வது என்பதை இக்கட்டுரையில் விளக்க விரும்புகிறோம்.

பழையது நிற்கிறது, புதியது நழுவுகிறது

"காலையில் சாப்பிட்டதை மறந்துவிடுகிறார், ஐம்பது வருடத்துக்கு முந்தைய கதையை மட்டும் அப்படியே சொல்கிறார். நடிக்கிறாரோ என்று சந்தேகமாக இருக்கிறது" என்று உறவினர் பலர் எங்களிடம் கூறுவதுண்டு. இது நடிப்பு அன்று. மூளையின் அமைப்பே இதற்குக் காரணம்.

காதுக்கு மேலே, மூளையின் உட்புறத்தில் ஹிப்போகேம்பஸ் என்றொரு பகுதி பக்கத்துக்கு ஒன்றாக உள்ளது. கடற்குதிரையைப் போல வளைந்திருப்பதால் அதற்குக் கிரேக்க மொழியில் அப்பெயர் அமைந்தது. அன்றாட நிகழ்வுகளைப் புதிய நினைவுகளாகப் பதிவு செய்வது இப்பகுதியின் முதன்மையான வேலை. அல்சைமர் வகை மறதிநோய் பெரும்பாலும் இப்பகுதியையும் இதன் அண்டைப் பகுதிகளையுமே முதலில் தாக்குகிறது. அதனால் புதிய செய்தி பதிவாவதே இல்லை. பதிவாகாத ஒன்றை எவ்வளவு வற்புறுத்தினாலும் நினைவுகூர முடியாது.

பழைய நினைவுகளின் நிலை வேறு. பல முறை எண்ணிப் பார்த்தும் பிறரிடம் சொல்லியும் வந்த நினைவுகள் மூளையின் புறணியில் பரவலாக வேர்விட்டிருக்கின்றன. புதிய நினைவுகள் முதலிலும் பழையவை பின்னரும் அழிகின்றன என்னும் ஒழுங்கை பிரெஞ்சு உளவியல் அறிஞர் தியோடூல் ரிபோ 1881ஆம் ஆண்டிலேயே எழுதியுள்ளார். இன்றும் அவ்வொழுங்கு அவர் பெயராலேயே வழங்கப்படுகிறது.

இன்னொரு செய்தியும் உண்டு. நலமுள்ள முதியவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைச் சொல்லச் சொன்னால், ஏறத்தாழ 10 வயது முதல் 30 வயது வரையிலான காலத்து நினைவுகளே மிகுதியாக வருகின்றன. பள்ளி, நட்பு, முதல் வேலை, திருமணம், முதல் குழந்தை என வாழ்வின் பெரிய நிகழ்வுகள் பலவும் அக்காலத்தில் நடப்பது இதற்கு ஒரு காரணம். பேத்தியின் பிறந்தநாள் படம் அந்த அம்மையாருக்கு ஒன்றும் தராததும், பூத்தைத்த சடை ஒரு முழு இரவையே மீட்டுத் தந்ததும் இதனால்தான்.

ஆய்வுகள் கூறுவது

பழைய நினைவுகளைப் பேசுவது முதுமையின் தளர்ச்சிக்கு அடையாளம் என்றே மருத்துவர்கள் ஒரு காலத்தில் கருதினர். 1963இல் அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் பட்லர் இக்கருத்தை மறுத்து எழுதினார். முதியவர்கள் கடந்த வாழ்வைத் திரும்பிப் பார்ப்பது இயல்பானது, தேவையானது என்பது அவர் கருத்து. அதன் தொடர்ச்சியாக, புகைப்படம், பாட்டு, பழைய பொருட்கள் ஆகியவற்றைக் கொண்டு நினைவுகளைப் பகிர்ந்துகொள்ளும் முறை மறதிநோயாளரிடையேயும் பயன்படுத்தப்படலாயிற்று.

இம்முறையால் மறதிநோய் குணமாகுமா என்றால், ஆகாது. இதை முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். ஏறத்தாழ 2,000 பேர் பங்கேற்ற 22 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் காக்ரேன் அமைப்பு ஒரு மதிப்பாய்வை வெளியிட்டது. வாழ்க்கைத் தரம், பேச்சு, சிந்தனைத்திறன், மனநிலை ஆகியவற்றில் சிறிய நன்மைகள் சில இடங்களில் காணப்பட்டன. எல்லா இடங்களிலும் ஒரே அளவில் காணப்படவில்லை என்பதே அதன் முடிவு. பிரிட்டனில் 488 நோயாளிகளும் அவர்களைக் கவனித்துக்கொள்ளும் உறவினர்களும் இணைந்து பங்கேற்ற மற்றோர் ஆய்வில், குழுவாக நினைவுகளைப் பகிர்ந்ததால் குறிப்பிடத்தக்க நன்மை ஏற்படவில்லை. கவனித்துக்கொள்வோரின் பதற்றம் சற்றுக் கூடியதாகவும் தெரிந்தது.

ஆகவே இதை ஒரு மருந்தாகவோ, நாள்தோறும் முடிக்க வேண்டிய கடமையாகவோ கொள்ள வேண்டாம். "தினமும் போட்டோ காட்டினேன், ஒரு முன்னேற்றமும் இல்லையே" என்று மனம் நொந்துகொள்ள இதில் இடமில்லை. இன்று பத்து நிமிடம் அவரோடு இனிமையாகக் கழிந்ததா என்பதே இதற்கு உரிய அளவுகோல்.

அந்தப் பத்து நிமிடத்தின் மதிப்பை உணர்த்தும் ஆய்வு ஒன்றும் உண்டு. அயோவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அல்சைமர் நோயாளிகளுக்கு மகிழ்ச்சியூட்டும் திரைக்காட்சிகளையும் துயரமூட்டும் திரைக்காட்சிகளையும் காட்டி, 2014இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். சிறிது நேரத்தில் நோயாளிகள் பார்த்த காட்சிகளில் பெரும்பகுதியை மறந்துவிட்டனர். ஆனால் அக்காட்சிகள் எழுப்பிய மகிழ்ச்சியும் துயரமும் மறைந்துவிடவில்லை. நிகழ்ச்சி மறந்த பின்னும் அது தந்த உணர்வு தங்குகிறது என்பதே இதன் பொருள். நாம் காட்டும் படத்தை அவர் மறந்துவிடலாம்; காட்டியபோது நாம் அவரை மகிழ்வித்தோமா, கூனிக் குறுக வைத்தோமா என்பது அவர் மனத்தில் நெடுநேரம் நிற்கும்.

எந்தப் படங்களைத் தேர்ந்தெடுப்பது?

நோயாளியின் இளமைக் காலப் படங்களிலிருந்து தொடங்குங்கள். ஒரு நேரத்தில் மூன்று அல்லது நான்கு படங்கள் போதும். கனமான திருமண ஆல்பத்தை மடியில் வைத்து முதற்பக்கம் தொடங்கி இறுதிப்பக்கம் வரை புரட்டினால் அவர் களைத்துவிடுவார்.

கூட்டமாக நிற்கும் குழுப்படத்தைவிட ஓரிருவர் மட்டும் உள்ள படம் நல்லது. முகங்கள் சிறியனவாக இருந்தால் பெரிதாக்கி அச்சிட்டுக்கொள்ளுங்கள். கைபேசித் திரையில் வெளிச்சம் கண்ணில் அடிக்கும். விரல் பட்டால் படம் ஓடிவிடும். கையில் பிடித்துப் பார்க்கக்கூடிய காகிதப் படமே முதியவர்களுக்கு ஏற்றது.

ஆட்கள் உள்ள படம்தான் வேண்டும் என்பதில்லை. முதன்முதலாக வாங்கிய மிதிவண்டி, வேலை பார்த்த ஆலையின் வாசல், ஊர்த் தேர், பள்ளிக்கூடம், வீட்டுத் திண்ணை, உழவு மாடு ஆகியவை உள்ள படங்களில் பெயரை நினைவுகூர வேண்டிய நெருக்கடியே இல்லை. மாட்டின் பெயர் நினைவுக்கு வந்தால் நன்று. வராவிட்டாலும் அதன் குணத்தைப் பற்றிப் பேசலாம்.

எல்லாக் குடும்பங்களிலும் பழைய படங்கள் இருப்பதில்லை. ஸ்டூடியோவுக்குச் சென்று படம் எடுத்துக்கொள்வது பலருக்கு எட்டாத செலவாக இருந்தது. 2004 டிசம்பர் 26இல் வந்த ஆழிப்பேரலையில் வீட்டோடு படங்களையும் இழந்த கடற்கரைக் குடும்பங்கள் உண்டு. இலங்கையிலிருந்து உடுத்திய துணியோடு வந்தவர்களும் உண்டு. படம் இல்லை என்பதால் நினைவு இல்லாமற் போவதில்லை. அஞ்சறைப்பெட்டி, மரக்கால், தறிநாடா, பழைய வெற்றிலைப்பெட்டி, வலையின் ஒரு துண்டு ஆகியவையும் இதே பணியைச் செய்யும். கையால் தொடவும் முகரவும் கூடியவை என்பதால் சிலருக்குப் படத்தைவிடவும் அவை நன்கு உதவுகின்றன.

எவ்வாறு பேசுவது?

நோயாளி நன்கு உறங்கி எழுந்து, பசியாறி, அமைதியாக இருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். பலருக்கு முற்பகல் ஏற்றது. மாலை மங்கும் வேளையில் சிலருக்குக் குழப்பமும் படபடப்பும் மிகும், அப்போது தவிர்த்துவிடுங்கள். மூக்குக்கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் அணிவித்த பின் தொடங்குங்கள். தொலைக்காட்சியை நிறுத்துங்கள். எதிரே அமராமல் பக்கத்தில் அமர்ந்து, இருவரும் ஒரே படத்தைச் சேர்ந்து பாருங்கள். எதிரே அமர்ந்தால் அது தேர்வு அறை போலாகிவிடும்.

பெயரை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். "இவர் யார்?" என்று கேட்பதற்குப் பதிலாக, "இது உங்க தம்பி, பட்டாளத்துக்குப் போறதுக்கு முன்னால எடுத்தது" என்று சொல்லுங்கள். இதனால் அவருடைய நினைவாற்றல் கெட்டுவிடாது. பெயரைத் தேடித் தடுமாறும் சுமையை நீங்கள் ஏற்றுக்கொண்டால், அவருக்குத் தம்பியைப் பற்றிப் பேச மனம் வாய்க்கும்.

ஆண்டு, நாள், இடம் ஆகியவற்றைக் கேட்காதீர்கள். நிறம், மணம், சுவை, உணர்வு ஆகியவற்றைப் பற்றிப் பேசுங்கள். "கல்யாணம் எந்த வருஷம் நடந்தது?" என்ற கேள்விக்கு ஒரே ஒரு சரியான விடைதான் உண்டு. "கல்யாணச் சேலை ரொம்பக் கனமா இருந்திருக்குமே" என்பதற்கு எந்த மறுமொழியும் தவறாகாது, புன்னகையே போதுமானது.

சொல்லிவிட்டுக் காத்திருங்கள். மறதிநோயாளர் ஒரு சொல்லை மனத்தில் வாங்கி மறுமொழி சொல்ல நம்மைவிட நெடுநேரம் தேவைப்படும். அந்த அமைதியைப் பொறுக்காமல் அடுத்த கேள்வியைக் கேட்டால் முதலில் எழுந்த நினைவும் கலைந்துவிடும். அவர் ஒன்றும் சொல்லாமல் படத்தைத் தடவிக்கொண்டிருந்தால் அதுவும் பேச்சுதான். ஆர்வம் குறைந்து முகத்தைத் திருப்பினால் படங்களை எடுத்து வைத்துவிட்டு ஒரு குவளை காபியோடு முடித்துக்கொள்ளுங்கள்.

தவறாகச் சொன்னால்?

படத்தில் இருப்பவர் பெரியப்பாவாக இருக்க, அவர் தாத்தா என்று சொல்லலாம். திருச்சியில் நடந்ததைத் தஞ்சாவூரில் நடந்ததாகச் சொல்லலாம். திருத்த வேண்டாம். இங்கே வரலாறு எழுதப்படவில்லை. மருந்து, பணம், பத்திரம், பாதுகாப்பு ஆகியவை பற்றிய செய்திகளில் மட்டுமே திருத்தம் தேவை.

மகனை "அண்ணா" என்றும் மகளை "அம்மா" என்றும் நோயாளி அழைக்கும்போது பிள்ளைகளின் மனம் உடைந்துபோகிறது. "என்னையே மறந்துட்டாங்க" என்று கண் கலங்குகின்றனர். இதற்கும் ஒரு விளக்கம் உண்டு. பிற்கால நினைவுகள் அழிந்துவிட்ட நிலையில், நோயாளி சில வேளைகளில் தம்மை இருபது வயதுப் பெண்ணாகவே உணர்கிறார். இருபது வயதுப் பெண்ணுக்கு ஐம்பது வயது மகன் எப்படி இருக்க முடியும்? எதிரே நிற்பவரின் முகச்சாயலும் குரலும் பழகியவையாக, பாசத்துக்கு உரியவையாக இருக்கின்றன. அப்படிப்பட்ட ஆண்மகன் அவருக்கு அண்ணனாகத்தான் இருக்க வேண்டும். பெயர் தவறியிருக்கிறது, உறவின் நெருக்கம் தவறவில்லை. அண்ணன் என்று அழைக்கப்பட்டவர் மனம் வருந்த வேண்டியதில்லை.

இதே காரணத்தால், அண்மையில் எடுத்த தம் படத்தைக் காட்டினால் "இந்தக் கிழவி யாரு?" என்று கேட்கும் நோயாளிகளும் உண்டு. அவர்களிடம் "அது நீங்கதான்" என்று வாதிடாமல், இளமைப் படத்தை எடுத்துக் கொடுங்கள்.

கண்ணீர் வந்தால்?

பல ஆண்டுகளுக்கு முன் நாங்கள் செய்த தவறு ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். உள்நோயாளியாக இருந்த ஒரு பாட்டியின் படுக்கையருகே அவருடைய மகள் ஒரு குடும்பப் படத்தை வைத்திருந்தார். காலைச் சுற்றின்போது அப்படத்தைச் சுட்டி, "இவர் உங்கள் வீட்டுக்காரரா? இப்போது எங்கே இருக்கிறார்?" என்று கேட்டோம். "கடைக்குப் போயிருக்காரு. சாயங்காலம் வந்துடுவாரு" என்றார் பாட்டி. நோயாளிக்கு நடப்பு நிலையை உணர்த்துவது நம் கடமை என்று எண்ணி, "அவர் காலமாகி ஆறு வருடம் ஆகிறதே, பாட்டி" என்றோம். பாட்டி அச்செய்தியை அப்போதுதான் முதன்முறையாகக் கேட்பவரைப் போலக் கதறினார். அன்று இரவு உணவு உண்ணவில்லை. மறுநாள் காலையில் தாம் அழுத காரணம் அவருக்கு நினைவில்லை. முகத்தில் துயரம் மட்டும் அப்படியே இருந்தது. மகள் எங்களை ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்தப் படத்தை மட்டும் எடுத்துப் பைக்குள் வைத்துவிட்டார்.

உண்மையைச் சொல்லக் கூடாது என்பது எங்கள் கருத்தன்று. நோயின் தொடக்கநிலையில் உள்ளவர் தெளிவாகக் கேட்டால் மென்மையாக உண்மையைச் சொல்லலாம்; உடனிருந்து ஆறுதல் தரலாம். நோய் முற்றியவருக்கு அதே செய்தி ஒவ்வொரு முறையும் புதிய சாவாகவே அமையும். அவரிடம், "அவரைப் பத்தி நினைச்சுக்கிட்டு இருக்கீங்களா? உங்களை எங்கெல்லாம் கூட்டிப் போவாரு?" என்று கேட்டு, இழப்பிலிருந்து பேச்சை அவருடைய அன்பின் பக்கம் திருப்பலாம். இதில் பொய்யும் இல்லை, புண்படுத்தலும் இல்லை.

இறந்தவர் படத்துக்கு மாலையிட்டுப் பொட்டு வைப்பது நம் வழக்கம். மாலை இல்லாத படத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தவர், மாலையிட்ட அதே படத்தைக் கண்டு அதிர்ச்சியடைவதுண்டு. அத்தகைய நோயாளி உள்ள வீட்டில் மாலையிட்ட படத்தைப் பூசையறையில் வைத்துவிட்டு, மாலை இல்லாத இன்னொரு படியை அவர் பார்வைக்கு வைக்கலாம்.

கண்ணீர் வந்துவிட்டால் பதற வேண்டாம். "அழக் கூடாது" என்று தடுக்கவும் வேண்டாம். கையைப் பற்றிக்கொண்டு சற்று நேரம் உடனிருங்கள். எல்லாக் கண்ணீரும் தீங்கானதன்று. ஆனால் ஒரு குறிப்பிட்ட படம் ஒவ்வொரு முறையும் அச்சத்தையோ நடுக்கத்தையோ எழுப்பினால் அதைத் தொகுப்பிலிருந்து நீக்கிவிடுங்கள். போர், கலவரம், புயல், குழந்தையின் மரணம், கொடுமையான மணவாழ்க்கை ஆகியவற்றைக் கடந்து வந்தவர்களிடம் மிகுந்த கவனம் தேவை. திருமணப் படம் எல்லாருக்கும் இனிமையானதாகவே இருக்கும் என்று நாமாக எண்ணிக்கொள்ளக் கூடாது.

மருத்துவமனைப் படுக்கையருகே

முதியவர்கள் அறுவைச் சிகிச்சைக்காகவோ காய்ச்சலுக்காகவோ மருத்துவமனையில் சேரும்போது, அதுவரை தெளிவாக இருந்தவரும் திடீரெனக் குழம்பிப்போவதுண்டு. இரவும் பகலும் மாறிப்போகும். இல்லாத ஆட்கள் தெரிவார்கள். இதை டெலிரியம் என்கிறோம். மறதிநோய் உள்ளவர்களுக்கு இது வரும் வாய்ப்பு மிகுதி. நோய்த்தொற்று, உப்புச்சத்துக் குறைவு, சிறுநீர் அடைப்பு, மலச்சிக்கல், சில மருந்துகள் ஆகியவை காரணங்களாகலாம். காரணத்தைக் கண்டு நீக்குவது எங்கள் பணி. ஆதலால் இத்தகைய குழப்பம் கண்டவுடன் செவிலியரிடம் தெரிவியுங்கள்.

பழகிய பொருட்களும் பழகிய முகங்களும் அருகே இருப்பது இக்குழப்பத்தில் துணைபுரியும். வீட்டிலிருந்து ஓரிரு படங்களைக் கொண்டுவரலாம். கண்ணாடிச் சட்டமிட்ட மூலப்படம் வேண்டாம். உடைந்தால் ஆபத்து, தொலைந்தால் மீட்க முடியாது. பெரிய எழுத்தில் பெயரும் உறவும் எழுதிய ஒரு நகல் போதும். இரவுப் பணிக்கு வரும் செவிலியருக்கும் அது உதவும். இவர் தலைமையாசிரியராக இருந்தவர், இவர் நாகசுரம் வாசித்தவர், இவர் ஏழு பிள்ளைகளை வளர்த்தவர் என்று தெரியும்போது, படுக்கை எண்ணாக மட்டும் தெரிந்தவர் ஒரு மனிதராகத் தெரிகிறார்.

ஒரு வேண்டுகோள். மருத்துவமனை உடையில், குழாய்கள் பொருத்தப்பட்ட நிலையில் நோயாளியைப் படமெடுத்து உறவினர் வாட்ஸ்அப் குழுவில் பகிர வேண்டாம். அவருடைய ஒப்புதலை இப்போது பெற இயலாது என்றால், நலமாக இருந்தபோது இதற்கு இசைந்திருப்பாரா என்று எண்ணிப் பாருங்கள்.

பெயர்களை இன்றே எழுதுங்கள்

நோயின் தொடக்கநிலையில் இருப்பவர்களும், நோய் ஏதுமின்றி முதுமையில் இருப்பவர்களும் செய்யக்கூடிய பணி ஒன்று உண்டு. படங்களில் இருப்பவர்களின் பெயர்களையும் படத்தின் பின்னணியையும் இப்போதே எழுதி வைத்துக்கொள்வது. இதை நாளைக்கு என்று தள்ளிப்போட்ட குடும்பங்கள் பின்னர் வருந்துவதை அடிக்கடி காண்கிறோம். பெட்டி நிறையப் படங்கள் இருக்கும். அவற்றில் இருப்பவர்கள் யார் என்று சொல்லக்கூடியவர் ஒருவரே இருப்பார். அவரே இப்போது எங்கள் முன் அமர்ந்திருப்பார்.

வாரம் ஒரு நாள் அரைமணி நேரம் ஒதுக்குங்கள். பேரப்பிள்ளைகளையும் உடன் அமர்த்திக்கொள்ளுங்கள். படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால், அழுத்தாமல், ஓரமாக எழுதுங்கள். பேனாவின் அழுத்தம் முன்புறத்தில் தெரியும், மையும் ஊறும். யார், எங்கே, என்ன நிகழ்ச்சி என்பதோடு, சொல்பவர் தம் வாய்மொழியாகச் சொல்லும் ஒரு வரியையும் குறித்துக்கொள்ளுங்கள். குரலைக் கைபேசியில் பதிவு செய்துகொள்வது இன்னும் நல்லது.

கைபேசியால் படத்தை நகலெடுக்கும்போது பிளாஷ் வேண்டாம். சன்னலருகே நிழலான வெளிச்சத்தில் எடுங்கள். சட்டத்தின் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காமல் கண்ணாடியின் மேலாகவே நகலெடுங்கள். பசைத்தாள் கொண்ட ஆல்பங்களில் நெடுங்காலம் இருக்கும் படங்கள் கெடும். 1970கள், 80களில் எடுத்த வண்ணப் படங்கள், நன்கு கழுவி எடுக்கப்பட்ட கறுப்பு வெள்ளைப் படங்களைவிட விரைவில் நிறம் மங்குபவை. ஆகவே வண்ணப் படங்களையே முதலில் நகலெடுங்கள்.

இவ்வாறு சேர்த்த படங்களில் இருபது முப்பதைத் தேர்ந்து, பக்கத்துக்கு ஒரு படமும் இரண்டு வரியுமாக ஒரு வாழ்க்கைக் குறிப்பேட்டை உருவாக்கலாம். நோயாளி பேசும் நிலையில் இருக்கும்போதே அவரைக் கேட்டுச் செய்ய வேண்டும். எந்தப் படத்தைச் சேர்ப்பது, எதை விடுவது என்பதை முடிவு செய்யும் உரிமை அவருடையது. பின்னாளில் அவரால் பேச முடியாமற் போகும்போது, பராமரிப்பாளருக்கும் மருத்துவருக்கும் அவர் சார்பில் அந்த ஏடு பேசும்.

மருத்துவரிடம் எப்போது வருவது?

2023இல் வெளியான ஒரு தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் நூற்றுக்கு ஏழு பேருக்கு மேல், அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேர், மறதிநோயுடன் வாழ்கின்றனர். எனினும் எல்லா மறதியும் மறதிநோய் அன்று. தைராய்டு சுரப்புக் குறைவு, வைட்டமின் பி12 குறைவு, மனச்சோர்வு, தூக்க மாத்திரைகள், காது கேளாமை ஆகியவையும் மறதிபோலத் தோன்றும். இவற்றில் பலவற்றைச் சரிசெய்ய முடியும். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது, பழகிய தெருவில் வழி தவறுவது, பணக் கணக்கில் தடுமாறுவது, பழகிய முகங்களைப் படத்திலும் நேரிலும் அடையாளம் காணத் தவறுவது ஆகியவை தொடர்ந்தால் வயதாகிவிட்டது என்று விட்டுவிடாமல் அழைத்து வாருங்கள். குழப்பம் ஓரிரு நாட்களுக்குள் திடீரென ஏற்பட்டிருந்தால் அன்றே வாருங்கள்.

கவனித்துக்கொள்வோரும் மனிதர்களே. களைப்பும் சினமும் குற்றவுணர்வும் ஏற்படுவது இயல்பு. படம் காட்டும் பணி உங்களுக்கே துயரம் தந்தால், அதைப் பேரனிடமோ அண்டை வீட்டுத் தோழியிடமோ விட்டுவிடலாம். மூத்த குடிமக்களுக்கான அரசின் உதவி எண் 14567ஐயும், மனநல ஆலோசனைக்கான டெலி மானஸ் எண் 14416ஐயும் கட்டணமின்றி அழைக்கலாம்.

முதலில் குறிப்பிட்ட அம்மையார் இப்போதும் எங்களிடம் சிகிச்சைக்கு வருகிறார். அவருடைய நோய் மெல்ல வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. தாழம்பூவைப் பற்றி இப்போது அவர் சொல்வதில்லை. படத்தைக் கொடுத்தால் சடையைத் தடவிப் பார்த்துக்கொள்கிறார். அந்தக் கதையைப் பேத்திக்கு மகன் சொல்லியிருக்கிறார். சென்ற முறை அச்சிறுமியும் உடன் வந்திருந்தாள். பாட்டியின் பக்கத்தில் அமர்ந்து, "உக்காந்துகிட்டே தூங்கினீங்களாமே, ஆச்சி?" என்றாள். அம்மையார் அவள் பக்கம் திரும்பி, அவளுடைய பின்னலை எடுத்து முன்னே போட்டு, நுனியில் இருந்த ரிப்பனைச் சரிசெய்தார்.